நிற்பதற்கு ஒரு கதிரை

போன சனிக்கிழமை மத்தியானம், ஒரு கலியாண மண்டபத்துக்குள் துறவிகளின் கதிரை ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனேன்.

வாசலில் குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இது கலியாண ஹோல். சேர்ச் அங்காலை, மற்றத் தெருவிலை."

அவரில் பிழை இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே போகும் முதுகுப் பலகை. கறுத்த ஓக் மரம். உச்சியில் தேவாலய யன்னல் மாதிரிக் கூரிய வளைவுகள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். நடுவில் ஒரு கைப்பிடி. ரோஸ் நிற பலூன்களுக்கு நடுவே அதைக் கொண்டுபோய் வைத்தபோது எனக்கே செபம் சொல்லவேண்டும் போலிருந்தது.

தமிழ்க் கலியாணத்துக்கு இது எதற்கு?

சொல்கிறேன். அதற்கு முதல் என்னுடைய வேலையைச் சொல்லவேண்டும்.

வழக்கமாக இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும் — நான் ஒரு வேலையில் கனநாள் நிற்கிற ஆள் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு மீன் வெட்டினேன், கோப்பை கழுவினேன், திராட்சை பிடுங்கினேன், பாரிசில் ஒரு நிலவறையில் உடுப்புகளுக்குப் பொத்தான் தைத்தேன். இந்த வசந்தகாலத்தில் இருந்து, கடல் கடந்து வந்து சேர்ந்த இந்த நகரத்தின் ஓரத்தில், புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. மெட்ரோவும் பஸ்ஸுமாகப் போய்ச் சேரவே பாதி நாள் களைப்பு வந்துவிடும்.

அங்கே விற்பது மத்திய காலத்து ஐரோப்பியத் தளபாடங்கள். பழையவை அல்ல... பழையவை போன்றவை. கோட்டைகளும் குதிரை வீரர்களும் இருந்த காலத்துப் பெட்டகம், மேசை, கதிரை, இரும்பு விளக்கு, சுவரில் தொங்கவிடும் சித்திரத் துணி. எல்லாம் புதிதாகச் செய்து வரும். நாங்கள் அவற்றைப் பழசாக்கவேண்டும். புதுப் பெட்டகத்தைச் சங்கிலியால் அடிப்போம். மூலைகளை சாண்ட் பேப்பரால் தேய்ப்போம். தடித்த ஊசியால் பூச்சி அரித்த ஓட்டை போடுவோம். அதாவது, பூச்சி சும்மா செய்கிற வேலையை நான் சம்பளத்துக்குச் செய்கிறேன்.

வாங்குகிறவர்கள் யார்? பெரிய வீடு கட்டிவிட்டு, அதற்குள் என்ன வைப்பதென்று தெரியாமல் நிற்பவர்கள். ஹீட்டர் போட்ட வீட்டில் குளிர் மறைக்கும் துணியைத் தொங்கவிடுவார்கள். மெழுகுதிரித் தண்டில் மின்சார பல்ப் பூட்டுவார்கள். அதைப் பற்றி எனக்கொன்றும் சொல்வதற்கில்லை. எங்கள் ஆட்களும் எரிவாயு அடுப்புக்குப் பக்கத்தில் பித்தளை அண்டா வைத்து அழகு பார்க்கிறார்கள்தானே?

முதலாளி ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்மணி. மதாம் லூசி என்று கூப்பிடுவோம். கேட்டால் எல்லாம் விளக்கிச் சொல்வார். ஏன் இந்தக் கதிரைகளுக்கு இவ்வளவு உயரமான முதுகு? குளிர்காற்றுக்கு மறைப்பு. ஏன் கட்டிலைச் சுற்றித் திரை? அதுவும் குளிருக்குத்தான். சரி, ஏன் அலுமாரியைக் காணோம், எங்கே பார்த்தாலும் பெட்டகம்?

"பிரபுக்கள் ஓரிடத்தில் இருக்கவில்லை" என்றார் மதாம். "ஒரு கோட்டையில் சாப்பாடு முடிந்தால் அடுத்த கோட்டை. போகும்போது துணியைச் சுருட்டி, பாத்திரத்தைப் பெட்டகத்தில் போட்டு, வண்டியில் ஏற்றிவிடுவார்கள்."

எனக்கு அந்தப் பிரபுக்கள் மேல் திடீரென்று ஒரு சொந்தம் வந்தது. நானும் அப்படி ஊர் ஊராகப் போனவன்தான். அவர்கள் வெள்ளித் தட்டுக் கொண்டுபோனார்கள். நான் ஒரு ஜாக்கெட்டும் சோற்றுப் பானையும். எல்லையில் அவர்களுடைய விரல் அடையாளத்தை யாரும் எடுக்கவில்லை என்பதும் ஒரு வித்தியாசம்.

இந்த இரட்டைக் கதிரையை ஒரு பல் வைத்தியர் தன் வீட்டு முன்கூடத்துக்காகச் செய்வித்தார். கொண்டுபோய் இறக்கினால், அவருடைய மனைவி பார்த்துவிட்டு, வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போதெல்லாம் பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்குமே என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அது களஞ்சியத்து மூலையில் கிடந்தது.

அதில் ஒரு விசித்திரம் இருந்தது. இருக்கைப் பலகைக்குப் பிணைச்சல் உண்டு. தூக்கிப் பின்னால் மடக்கலாம். மடக்கினால், அதன் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு நீட்டிக்கொண்டு நிற்கும். கையளவு அகலம்தான். ஒரு தேத்தண்ணிக் கோப்பை வைக்கலாம். அந்தத் தட்டுக்குக் கீழே ஒரு சிற்பம் — ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நெருப்பில் கால் காய்கிற ஒரு மனிதன்.

இது எதற்கு என்று கேட்டேன். மதாம் செய்தே காட்டினார். பலகையை மடக்கிவிட்டு அதன் முன்னால் நின்றார். மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். அந்தத் தட்டு அவரை இடுப்புக்குக் கீழே தாங்கிக்கொண்டது. முன்னால் நின்று பார்த்த எனக்கு அவர் நிற்கிறார். அவருடைய காலுக்கோ, அவர் இருக்கிறார்.

துறவிகள் ஒவ்வொரு நாளும் பல தடவை, மணிக்கணக்காக நின்று பாடவேண்டுமாம். இருக்கக்கூடாது, அது சட்டம். வயது போனவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஏலாது. சட்டத்தை மாற்றவும் மனம் வரவில்லை, ஆள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் மனம் வரவில்லை. ஆகவே தச்சனைக் கூப்பிட்டு, அங்கிக்குப் பின்னால் மறைகிற மாதிரி இந்தத் தட்டை வைக்கச் சொன்னார்கள். இரக்கம் என்றே அதற்குப் பெயர் வைத்தார்களாம்.

நானும் எத்தனையோ வரிசைகளில் நின்றிருக்கிறேன். அகதி முகாமில் சாப்பாட்டுக்கு, கந்தோர் வாசலில் விசாவுக்கு, பனிக்குள் வேலைக்கு. அங்கெல்லாம் அந்தத் தச்சனை ஒருவரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

இனி நிரோஜாவுக்கு வருவோம்.

நிரோஜா என்னோடு அதே களஞ்சியத்தில் வேலை செய்கிறாள். மெழுகுதிரித் தண்டுகளைச் சுற்றிப் பெட்டியில் அடைப்பது அவளுடைய பகுதி. கலியாணம் நிச்சயமான பிள்ளை. பாட்டும் சிரிப்புமாக இருப்பாள். ஒரு நாள் பார்த்தால், ஒரே தண்டுக்குச் சுற்றிய பிளாஸ்டிக்கின் மேலேயே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன பிள்ளை, அதுக்குக் குளிருதோ?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அண்ணை, அவர் ரிசெப்ஷன் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார்."

அவர் என்றால் மாப்பிள்ளை தயாபரன். மூதூர்ப் பக்கத்து ஆள். வில்லரேயில் ஒரு டெப்பனரில், அதாவது தெருமுனைக் கடையில், காசாளர். உயரமான ஸ்டூலில் இருந்துகொண்டு, வருகிற கிழவிகள் எல்லோரோடும் பிரெஞ்சில் பகிடி விடுவார். இறங்கி நடக்கும்போதுதான் தெரியும். இடது முழங்காலுக்குள் ஷெல் துண்டு போய், வைத்தியர்கள் எடுத்தது பாதி, விட்டது பாதி. நடப்பார். கொஞ்ச நேரம் நிற்பார். தாழ்வான இடத்தில் இருந்துவிட்டால் மட்டும் எழும்ப ஒரு கை வேண்டும்.

எங்கள் ரிசெப்ஷன்கள் உங்களுக்குத் தெரியாததா? மேடையில் வெள்ளையும் பொன்னுமாக ஒரு சோபா. இருந்தால் ஆளை விழுங்கிவிடும். குடும்பம் குடும்பமாக மேடைக்கு ஏறுவார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாப்பிள்ளையும் பொம்பிளையும் எழும்பவேண்டும், நின்று படம் எடுக்கவேண்டும், பிறகு இருக்கவேண்டும். அடுத்த குடும்பம்... திரும்ப எழும்பு. தாலி கட்டுவது ஒரு நிமிஷம். படம் எடுப்பது ஒரு யுகம்.

இதில் நிரோஜாவின் தாய்மாமன் ஒரு வார்த்தை விட்டிருந்தார். ஸ்காபரோவிலிருந்து சம்பந்தம் பேச வந்த இடத்தில், குசினியில் நின்று தங்கச்சியிடம், "படத்துக்கு எழும்பி நிக்க ஏலாதவர், குடும்பத்துக்கு என்னெண்டு நிக்கப்போறார்?" என்று கேட்டாராம். பார்க் எக்ஸ்டென்ஷனின் சின்ன வாடகை வீடுகளில் குசினியில் சொன்னது முன்னறைக்குக் கேட்காமல் போகுமா? முன்னறையில் தேத்தண்ணியோடு இருந்தவர் தயாபரன்.

"கோயிலிலை தாலியைக் கட்டுவம், பதிவு எழுத்தை முடிப்பம், ஹோல் வேண்டாம் எண்டுறார்" என்றாள் நிரோஜா. "எனக்கு ஹோல் பெரிசில்லை அண்ணை. ஆனா மாமாவின்ரை கதைக்கு இப்ப ஒளிச்சா, பேந்து ஆரின்ரையோ பிள்ளையின்ரை பேர்த்டேக்குக் கூட வரமாட்டார். எனக்கு அவரைத் தெரியும். வீட்டுக்கும் கடைக்குமாய் அடைஞ்சு போயிடுவார்."

நான் மூலையைப் பார்த்தேன். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு போய், கதிரைப் பலகையை மடக்கிக் காட்டினேன்.

அடுத்த கிழமை வேலை முடிகிற நேரத்தில் தயாபரனைக் கூட்டிவந்தாள். அவர் அந்தக் கதிரையை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னண்ணை, கலியாணத்துக்கு முதலே என்னைச் சாமியாராக்கப் போறியளோ?"

"சாய்ஞ்சு பாரும். சாமியாராகிறதோ சம்சாரியாகிறதோ எண்டு பேந்து யோசிப்பம்."

சாய்ந்தார். முதலில் உடம்பை விறைப்பாக வைத்திருந்தார். நான் கிரிக்கெட் கதையைத் தொடக்கினேன். இலங்கை அணியில் யாரை முதலில் இறக்கவேண்டும் என்று எங்களுக்குள் சண்டை வந்தது. சண்டை சூடாகி, அவர் இரண்டு கைகளையும் வீசிக் கதைக்கத் தொடங்கினார். காலை மறந்துவிட்டார். நிரோஜா ஒரு பக்கமாக நின்று, கதைக்கு நடுவில் வராமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணை" என்றார் கடைசியில், "இப்ப நான் நிக்கிறனோ, இருக்கிறனோ?"

"அது உமக்கும் பலகைக்கும் உள்ள விஷயம்."

சிரித்தார். சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை — ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. மேடை சோடிக்கிறவருக்குக் கூட. "கதிரை வித்தியாசமாக் கிடக்கு, அவ்வளவுதான். சனத்துக்கு அது காணும்."

மதாமிடம் கேட்டேன். கலியாணம் என்றதும் அவருக்குச் சந்தோஷம். "கொண்டு போங்கள். ஆணி மட்டும் அடிக்காதீர்கள்" என்றார்.

இப்படித்தான் கதிரை ஹோலுக்கு வந்தது.

மேடை சோடிக்கிறவர் ராஜி அக்கா. மட்டக்களப்பு. கெட்டிக்காரி. கார்ட்போட்டில் கோபுரம் கட்டுவார், தெர்மாகோலில் யானை செய்வார். கதிரையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன தம்பி இது, கறுப்படிச்சுக் கிடக்கு. ஓட்டையும் விழுந்திருக்கு."

"அது அப்பிடித்தான் அக்கா. நாங்கள்தான் போட்டது."

"நீங்களே போட்டதா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"உடையாமல் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா, காணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கோட் போட்டு வர வீட்டுக்குப் போனேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

பின்னேரம் திரும்பி வந்தால் — கதிரையைக் காணோம்.

மேடையில் ஒரு வெள்ளை மலை நின்றது. உச்சியிலிருந்து கால் வரை சாட்டின் துணி. விளிம்பெல்லாம் பொன் சுருக்கு. பின்னால் பெரிய வண்ணத்துப்பூச்சி முடிச்சு. இருக்கைப் பலகையை மெத்தை வைத்து மூடி, துணியை இழுத்து, ஸ்டேப்ளரால் சட்டத்தோடு சேர்த்து அடித்திருந்தார். ராஜி அக்காவின் மேடையில் மூடாத கதிரை இருந்ததே இல்லை. நாங்கள் புதியதைப் பழசாக்குகிறவர்கள். அவர் பழசைப் புதிதாக்குகிறவர். அவரவர் தொழிலை அவரவர் சரியாகச் செய்திருந்தோம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. பூத்தட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் வந்துகொண்டிருந்தார்கள்.

தயாபரன் மேடையில் ஏறினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கையைப் பின்னால் விட்டுப் பலகையைத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. இன்னொரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ராஜி அக்காவைப் பார்த்தேன். ராஜி அக்கா பெருமையோடு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் இருந்தார். முதல் குடும்பம் வந்தது. கைப்பிடியை ஊன்றி எழும்பினார். படம். இருந்தார். அடுத்த குடும்பம். திரும்ப எழும்பினார். நெற்றி வேர்த்து வழிந்தது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. முழங்கால் நடுங்குவது வேட்டிக்கு வெளியே தெரிந்தது. கீழே வரிசை மண்டபத்தின் கதவு வரை நின்றது.

அறிவிப்பாளர் மைக்கில், "அடுத்ததாக, மணமகளின் தாய்மாமன் குடும்பம்" என்றார்.

மாமா கோட்டும் சூட்டுமாக ஏறி வந்தார். தயாபரன் ஊன்றினார். பாதி எழும்பினார். அங்கேயே நின்றுவிட்டது, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மாமா கையை நீட்டினார். நல்ல மனதோடுதான் நீட்டினார் என்று நினைக்கிறேன். தயாபரன் அந்தக் கையைப் பார்த்தார். பிடிக்கவில்லை. மெத்தையில் தொப்பென்று விழுந்தார். வீடியோக் கமரா ஓடிக்கொண்டிருந்தது.

நிரோஜா எழும்பினாள். மேடையின் ஓரத்துக்கு வந்து, களஞ்சியத்தில் கேட்கிற அதே குரலில் என்னைக் கேட்டாள்.

"அண்ணை, கத்தி."

கோட் போட்டாலும் பெட்டி வெட்டும் கத்தி என்னுடைய பொக்கெற்றை விட்டுப் போவதில்லை. கொடுத்தேன்.

அவள் கூறைச் சேலையை ஒதுக்கிக்கொண்டு மேடையில் முழங்காலில் இருந்தாள்.

"விடும் நிரோ" என்றார் தயாபரன், பல்லைக் கடித்துக்கொண்டு. "சனம் பாக்குது."

"பாக்கட்டும். என்ரை தோளைப் பிடிச்சு எழும்புங்கோ. மெத்தையை வெட்டவேணும்."

கீழே நின்ற வரிசையை ஒருதரம் பார்த்தார். பிறகு அவளுடைய தோளைப் பிடித்து எழும்பினார். முழு ஹோலும் பார்த்தது. எதற்குப் பயந்து கலியாண ஹோலே வேண்டாம் என்றாரோ, அதுவே நடந்துவிட்டது. பிறகு? ஒன்றுமில்லை. யாரோ ஒரு குழந்தை ஜூஸ் கேட்டு அழுதது. அவ்வளவுதான்.

நிரோஜா கத்தியை ஒரு இழுவை இழுத்தாள். துணி கிழியும் சத்தம் மைக்கில் கேட்டது. "ஐயோ, என்ட சாட்டின்" என்றபடி ராஜி அக்கா ஓடிவந்தார். நிரோஜா மெத்தையை உருவி எறிந்து, பலகையைத் தூக்கி மடக்கினாள். அது டப்பென்று முதுகுப் பலகையில் அடித்து நின்றது. சின்னத் தட்டு வெளியே வந்தது. கீழே, கால் காய்கிற மனிதனும் சபைக்கு வந்தான்.

தயாபரன் சாய்ந்தார். அவருடைய தோள் கீழே இறங்குவதை நான் மேடைக்குக் கீழே நின்றே கண்டேன்.

மாமா குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தார். உள்ளங்கையால் அமத்திப் பார்த்தார். தட்டிப் பார்த்தார்.

"மற்றப் பக்கத்தையும் வெட்டு பிள்ளை" என்றார். "ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் மரம்... படத்துக்கு வடிவாயிராது."

மன்னிப்பு என்று அதைச் சொல்லமுடியாது. ஆனால் மாமாக்கள் அதற்கு மேல் இறங்கி நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு வரிசை நகர்ந்தது. தயாபரன் எல்லோருக்கும் நின்றார். டெப்பனரில் விடுகிற அதே பகிடியை மேடையிலும் விட்டார். நிரோஜா தன் பக்கத்துத் தட்டில் சாய்ந்து, சேலைக்கடியில் ஹீல்ஸைக் கழற்றிவிட்டாள். இடையில் அவள் தண்ணீர் குடிக்க இறங்கிய நேரம், முழங்கால் வருத்தக்கார அன்ரி ஒருவர் அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்துவிட்டு இறங்க மறுத்தார். சாப்பாட்டு மேசையில் ராஜி அக்கா எனக்குப் பக்கத்தில் வந்திருந்தார். "சொல்லியிருந்தா நான் மூடியிருப்பனா, தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. ஒன்றை ஒளிக்கத் தொடங்கினால், உதவிக்கு வருகிறவருக்கும் ஒளிக்கவேண்டியிருக்கிறது. அவர் நல்லதென்று நினைத்து, இருக்கிற ஒரே வழியையும் மூடிவிடுகிறார். "அது சரி, இதை வாடகைக்கு விடுவாங்களா?" என்று அவரே கேட்டார்.

நான் அந்தத் துறவிகளை யோசித்துக்கொண்டே சோறு சாப்பிட்டேன். நில் என்று சொல்லும் சட்டம் எந்த ஊரில் இல்லை? அதைப் போட்டவர்களுக்கே சில நேரம் மனம் கேட்காமல், ஒரு சின்னப் பலகையையும் வைத்துவிடுகிறார்கள். நல்ல விஷயம். எனக்கு விளங்காதது ஒன்றுதான் — அதை ஏன் அடியில் ஒளித்து வைக்கவேண்டும்?

சனம் எல்லாம் சாப்பிடப் போனபிறகு, கமராக்காரர் கடைசியாக ஒரு படம் கேட்டார். முக்கியமான படம், ஆல்பத்தின் அட்டைக்குப் போவது.

"ரெண்டு பேரும் வடிவா எழும்பி நில்லுங்கோ" என்றார்.

தயாபரன் தன்னுடைய பலகையைக் கீழே இறக்கினார். கிழிந்த சாட்டினைத் தட்டிவிட்டு, காலை நீட்டி, ஆறுதலாக இருந்தார். நிரோஜாவும் தன்னுடையதை இறக்கிவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"நாங்கள் இருக்கப்போறம் அண்ணை" என்றார் தயாபரன். "நீங்கள் கொஞ்சம் குனிஞ்சு எடுங்கோ."

கமராக்காரர் குனிந்தார்.